ஹில்லெவியின் பெயரில் ஒரு மை

அத்தியாயம் 14

எல்வீராவின் வலது கண்ணுக்கு இனிமேல் பார்வை வராது என்ற செய்தி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தது.

ஹில்லெவி சாண்டெலின் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாஷ்பேசின் ஓரத்தில் கிடந்த கைபேசியில் வக்கீலின் குறுஞ்செய்தி. 'இரண்டாவது அறுவை சிகிச்சையும் பலன் தரவில்லை. இன்று மூன்று மணிக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு. அதுவரை யாரிடமும் பேச வேண்டாம். முக்கியமாக அந்தக் குடும்பத்திடம்.'

இரண்டு முறை படித்தாள். வாயில் நுரை இருந்தது. துப்ப மறந்து நின்றாள்.

கண்ணாடியில் தெரிந்தது ஸ்வீடன் முழுக்கத் தெரிந்த முகம். பதினாறு வயதில் கோடைக்காலப் பூங்காக்களில் நடன இசைக்குழுவோடு பாடத் தொடங்கியவள். இருபத்திரண்டில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு. முப்பதில் தொண்டையில் முடிச்சு விழுந்து குரல் போயிற்று. அத்தோடு அவள் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. அம்மா பிரிட்டா தைத்துக் கொடுத்த மேடை உடைகளைப் போலவே தங்களுக்கும் வேண்டும் என்று பெண்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். போரோஸ் ஊரில் மூடிக் கிடந்த நூற்பாலையைப் பிடித்து உடை நிறுவனம் தொடங்கினாள். பிறகு முகத்துக்கு க்ரீம். பிறகு உதட்டுச் சாயம். போன வருஷம் மஸ்காரா. 'கெடாமல் காக்கும் ரசாயனம் இல்லாத இமை மை' என்று அவள் கண்கள் பேருந்து நிறுத்தங்களிலெல்லாம் சிரித்தன.

அந்த மையில் கிருமி இருக்கிறது என்று போன வெள்ளிக்கிழமை அரசு ஆய்வுக்கூடம் அறிவித்தது. முப்பத்தோரு பெண்களுக்குக் கண் புண். முப்பது பேர் மருந்தில் தேறிவிட்டார்கள்.

மிச்சம் இருந்த ஒருத்திதான் எல்வீரா. வயது பதினேழு.

ஹில்லெவி நுரையைத் துப்பினாள். கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தாள். நிறுவனம் இருந்த பக்கம் திரும்பாமல், கோத்தன்பர்க் நெடுஞ்சாலையில் ஏறினாள்.

*

அதே நேரம், நிறுவனத்தின் மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் கய்சா தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

கய்சா ஹில்லெவிக்கு இரண்டு வயது மூத்தவள். மருந்துக் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்த வேதியியல்காரி. தங்கை கூப்பிட்டாள் என்று அதை விட்டுவிட்டு வந்தவள். இந்த நிறுவனத்தில் எந்தக் குப்பி வெளியே போவதானாலும் 'பாதுகாப்பானது' என்று அவள் கையெழுத்து வேண்டும்.

கதவு தட்டப்படாமலே திறந்தது.

"ஷூவோட உள்ள வரலாமா, இல்ல இங்கயும் கழட்டணுமா?"

அம்மா. எழுபத்திரண்டு வயதில் மூன்று மாடி படியேறி வந்திருந்தாள். கம்பளிக் குல்லாயில் மார்ச் மாதத்து ஈரப்பனி ஒட்டியிருந்தது. கையில் காகிதப் பை.

"லிஃப்ட்ல வரக் கூடாதாம்மா?"

"லிஃப்ட்ல நாலு பொண்ணுங்க நின்னாங்க. மேல என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? அதான் படியில வந்தேன்." பையை மேஜையில் வைத்தாள். "ஏலக்காய் பன். இன்னும் சூடா இருக்கு."

கய்சா பையைத் தொடவில்லை. "நீ பன் குடுக்க வரல."

பிரிட்டா சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"மோன்ஸ் எனக்கு போன் பண்ணினான்."

மோன்ஸ் நிறுவனத்தின் மேலாளர். கெட்ட செய்தியைத் தானே நேரில் சொல்லும் வழக்கம் அவனுக்கு இல்லை.

"அவன் என்ன சொல்றான்னா..." பிரிட்டா நிறுத்தினாள். "மக்கள் மன்னிக்கிறதுக்கு ஒரு வழி வேணுமாம். ஆய்வுக்கூடத்துல தப்பு நடந்துச்சு, அந்த ஆளை நீக்கிட்டோம்னா, கம்பெனி நிக்குமாம். ஹில்லெவிக்குத் தெரிஞ்சே நடந்துச்சுன்னா, அன்னிக்கே மூடிடணுமாம்."

"அந்த ஆளுன்னா நான்."

"நூத்தி நாப்பது பொண்ணுங்க வேலை பாக்குறாங்க கய்சா. இந்த ஊர்ல வேற என்ன இருக்கு? ஐம்பது வயசுக்கு மேல அவங்களை யாரு எடுப்பாங்க?"

"அம்மா, ஆகஸ்ட்ல நான் அவளுக்கு எழுதினேன். கெடாம காக்குற மருந்தை இவ்வளவு குறைச்சா மை தாங்காது, ரெண்டு மாசத்துல கிருமி வளரும்னு எழுதினேன். அவ என்ன பதில் போட்டா தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு மஞ்சள் இதயப் படம். 'ரொம்பக் கவலைப்படுற, கையெழுத்துப் போடு'ன்னு ஒரு வரி."

"நீ போட்டியா?"

கய்சா இழுப்பறையைத் தள்ளி மூடினாள்.

"போட்டேன்."

"அப்ப நீயும்தானே..."

"ஆமா. நானும்தான். நான் இல்லைன்னு சொல்லவே இல்லையே. நான் *மட்டும்*தான்னு சொல்லச் சொல்றியா, அதைக் கேக்குறேன்."

வெளியே சுமை வண்டி பின்னோக்கி நகரும் கூவல் கேட்டது. திரும்பி வந்த மஸ்காரா பெட்டிகளை இறக்குகிறார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து இதே சத்தம்தான்.

"உனக்கு எங்க போனாலும் ஒரு வேலை கெடைக்கும்" என்றாள் பிரிட்டா. "அவளுக்கு என்ன இருக்கு? குரலும் போச்சு. பேரு ஒண்ணுதான். உனக்குன்னு வெளியில பேரு ஒண்ணும்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆனால் சொன்ன வரைக்கும் போதுமானதாக இருந்தது.

கய்சா சிரித்தாள். சிரிப்பென்று சொல்ல முடியாத ஒன்று.

"எனக்குப் பதினெட்டு வயசு. நீ அவளைக் கூட்டிக்கிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில ஏறினா ஞாயித்துக்கிழமைதான் வருவ. அப்பா படுத்த படுக்கை. கஞ்சி வெச்சது நான், அவருக்குத் துணி மாத்தினது நான். கெளம்பும்போது நீ சொல்லுவ: 'நீ சமத்து, நீ பாத்துக்குவ.' ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்கு."

"ஒரே ஒரு தடவை, அவகிட்ட போய் நின்னு ஏதாவது கேட்டிருக்கியா?"

பிரிட்டாவின் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "அவ தாங்க மாட்டா கய்சா. நீ தாங்குவ. ரெண்டு பேரையும் பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?"

கய்சா ஜன்னலருகே போய் நின்றாள். கீழே பெட்டிகளை இறக்கும் பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள். இவளும் கையசைத்தாள்.

"மோன்ஸைக் காகிதத்தோட வரச் சொல்லு" என்றாள், திரும்பாமலே. "அந்தப் பன்னை எடுத்துட்டுப் போயிடும்மா. வாசனையே குமட்டுது."

*

கோத்தன்பர்க் மருத்துவமனைக் கண் சிகிச்சைப் பிரிவின் ஐந்தாம் எண் அறை வாசலில் ஒரு மனிதர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தச்சு வேலைக்காரரின் பல பைகள் வைத்த கால்சட்டை. அளவுகோல் இன்னும் பையில் செருகியிருந்தது. எல்வீராவின் அப்பா ரோலாண்ட்.

ஹில்லெவியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"படத்துல பாத்ததைவிட குள்ளமா இருக்கீங்க."

"எல்வீராவைப் பாக்கணும்."

"எதுக்கு? போட்டோ எடுக்கவா? கேமராக்காரங்க எங்க, கீழ நிக்கிறாங்களா?"

"யாரும் இல்ல. நான் வந்தது யாருக்கும் தெரியாது."

"என் பொண்ணு கப்பல் பள்ளிக்கூடத்துல படிக்கிறா" என்றார் ரோலாண்ட். சத்தம் போடவில்லை. பலகையை அளந்து சொல்வதுபோல் சொன்னார். "அவ அம்மா இப்போ கடல்ல இருக்கா, நாளன்னிக்குத்தான் கரைக்கு வர்றா. அவளை மாதிரியே மாலுமி ஆகணும்னு இவளுக்கு ஆறு வயசுலேர்ந்து ஆசை. மாலுமிக்கு ரெண்டு கண்ணும் வேணும். இதை அவகிட்ட டாக்டர் இன்னும் சொல்லல. நானும் சொல்லல. நீங்க வேணா சொல்றீங்களா?"



உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா, எனக்கு அது தெரியும். காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அவங்களை உள்ள விடு."

எல்வீரா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளிறிய கூந்தல், ஒல்லி. வலது கண்மேல் வெள்ளைக் கட்டு. இடது கண்ணால் ஹில்லெவியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, நீ போய் காபி குடிச்சிட்டு வா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

"நான் இங்கதான் இருப்பேன்."

"அப்பா. ப்ளீஸ்."

ரோலாண்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார். காலடிச் சத்தம் மின்தூக்கிவரை கேட்டு நின்றது.

"வகுப்புல எல்லாரும் என்னை இப்போ கடற்கொள்ளைக்காரின்னு கூப்பிடுறாங்க" என்றாள் எல்வீரா. "நீங்க சிரிக்கலாம். நானே சிரிச்சேன். முதல் நாள்."

ஹில்லெவி சிரிக்கவில்லை. வக்கீல் எழுதிக் கொடுத்த வாக்கியங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"என்னை மன்னிச்சிடுன்னு கேக்க வரல" என்றாள். "கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. பாக்கணும்னு தோணுச்சு."

"பாத்துட்டீங்க." அந்தப் பெண் தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணு கேக்கவா? உங்க பேட்டி ஒண்ணு பாத்தேன். தினமும் அதே மையைத்தான் போட்டுக்கிறேன்னு சொன்னீங்க. அதனாலதான் வாங்கினேன். என் கண்ணு சின்ன வயசுலேர்ந்தே அரிக்கும். உங்களுக்கும் அப்படித்தான்னு சொன்னீங்களா, சரி, இவங்களுக்கு ஒத்துக்கிட்டா நமக்கும் ஒத்துக்கும்னு நெனச்சேன். நீங்க நெஜமாவே போட்டுக்கிட்டீங்களா?"

கட்டிலருகே தண்ணீர்க் குவளை, அரைகுறையாக உரித்த ஆரஞ்சு. ஹில்லெவி ஆரஞ்சையே பார்த்தாள்.

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவை போட்டேன். எரிஞ்சுது. கழுவிட்டேன். விளம்பரப் படத்துல இருக்கிறது வேற கம்பெனி மை."

எல்வீரா தலையணையின் ஓரத்தை விரலால் முறுக்கினாள். பிறகு, "எரியும்னு தெரிஞ்சிருக்கு" என்றாள். கேள்வியாக அல்ல.

"எரியும்னு தெரியும். இப்படி ஆகும்னு தெரியாது. ஆனா ஒருத்தி சொன்னா. எங்க அக்கா. மருந்தைக் குறைக்காதேன்னு எழுதியே குடுத்தா. ரசாயனம் இல்லைன்னு போட்டா நல்லா விக்கும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். அவளைக் கையெழுத்துப் போட வெச்சதும் நான்தான்." குரல் உடைந்தது. பாட்டு நின்றுபோன நாளிலிருந்து அழுகை வந்தால் அவளுக்குக் காற்றுதான் வரும், சத்தம் வராது. "இன்னிக்கு மூணு மணிக்குப் பத்திரிகைக்காரங்க எல்லாரும் வர்றாங்க. அங்க இதைச் சொல்லப் போறேன். முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"நெஜமா சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

எல்வீரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டுப் போட்ட பக்கம்தான் ஹில்லெவிக்குத் தெரிந்தது.

"சரி. போங்க. அப்பா வந்தா சண்டை போடுவார். அவருக்கு ரத்தக் கொதிப்பு."

ஹில்லெவி தன் கைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதித் தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியேறினாள்.

*

மருத்துவமனை வாசலில் காருக்குள்ளேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு ஹில்லெவி நிறுவனத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம். வழியெல்லாம் வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். மேடை ஏறுவதற்கு முன் பாட்டின் முதல் வரியைச் சொல்லிப் பார்ப்பதுபோல.

மோன்ஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"எங்க போயிருந்தீங்க? போன் எடுக்கல! சரி விடுங்க, எல்லாம் முடிஞ்சுது. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல உட்காந்தா போதும்."

"என்ன முடிஞ்சுது?"

"கய்சா பேசுவாங்க."

அவன் அவளைத் தோளில் தொட்டுத் தள்ளாத குறையாகக் கூடத்துக்குள் கொண்டுபோனான். உடை காட்சிக்கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கேமராக்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கோடை ஆடைகள் சுவரோரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. பின்வரிசைகளில் கிடங்குப் பெண்கள், வேலை உடுப்போடு. முன்வரிசையில் அம்மா.

மேஜைக்குப் பின்னால் கய்சா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு இல்லை. சாம்பல் நிறச் சட்டை. அவளுக்கு முன்னால் ஒற்றைத் தாள்.

"கய்சா, என்ன பண்ற?" ஹில்லெவி உட்கார்ந்தபடியே கிசுகிசுத்தாள்.

"உக்காரு. பேசாத."

கய்சா ஒலிபெருக்கியை இழுத்துவைத்துக்கொண்டு படித்தாள். மையில் சேர்க்கவேண்டிய மருந்தின் அளவைத் தானே குறைத்ததாக. நிர்வாகத்திடம் அதைத் தெரிவிக்கவில்லை என்பதாக. ஆய்வு முடிவுகளைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டதாக. இன்றோடு விலகுவதாகவும், விசாரணைக்கு ஒத்துழைப்பதாகவும். குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. எல்வீராவின் பெயர் வந்த இடத்தில் மட்டும் ஒரு கணம் நின்றது.

பத்திரிகையாளர்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் எழுந்து நின்று மற்றவர்களை அடக்கினார்.

"ஹில்லெவி, ஒரே கேள்வி. இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"



கோடைப் பூங்காக்களில் முப்பதாயிரம் பேர் முன்னால் நின்றிருக்கிறாள் ஹில்லெவி. இந்த அறையில் எழுபது பேர்கூட இல்லை. பின்வரிசையில் பொதிகட்டும் பிரிவு இர்மேலி இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முன்வரிசையில் அம்மா தலையை இடமும் வலமும் மெல்ல ஆட்டினாள். ஒரே ஒரு முறை.

'நாளைக்குச் சொல்லலாம்' என்று உள்ளே ஒரு குரல் எழுந்தது. 'முதலில் கய்சாவிடம் பேசிவிட்டு. இப்போது சொன்னால் அவள் பொய் சொன்னதாக ஆகிவிடும். நாளைக்கு.'

"தெரியாது" என்றாள் ஹில்லெவி.

பக்கத்தில் கய்சா தாளை நான்காக மடித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. எதிர்பார்த்த விடையே சோதனைக்குழாயில் வந்ததுபோல் லேசாகத் தலையசைத்துவிட்டு எழுந்து, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாள்.

ஹில்லெவி பின்னாலேயே ஓடினாள். கார் நிறுத்துமிடத்தில் வழுக்காமலிருக்கப் பொடிக்கல் தூவியிருந்தும் பனிச்சேற்றில் கால் வழுக்கியது.

"கய்சா! நில்லு! நான் சொல்லத்தான் வந்தேன். சத்தியமா. காலையில அந்தப் பொண்ணைப் பாத்தேன், அவகிட்ட எல்லாத்தையும்..."

கய்சா கார்க் கதவைத் திறந்தாள்.

"ஒலிபெருக்கி உன் முன்னாலதான் இருந்துச்சு ஹில்லெவி."

"நீதான் படிச்சிட்டியே, அதுக்கப்புறம் நான் எப்படி..."

"நான் படிச்சேன். ஆமா. நீ மறுப்பேன்னு நெனச்சேன்." கய்சா இருக்கையில் உட்கார்ந்தாள். "கடைசி வரிகிட்ட வரும்போதுகூட நெனச்சேன். இப்போ கையைப் பிடிப்பா, இப்போ நிறுத்துன்னு சொல்லுவான்னு. நாப்பத்தி ரெண்டு வயசு ஆகுது, பாரு, இன்னும் புத்தி வரல."

கதவு மூடிக்கொண்டது.

*

ஐந்து மணிக்கு அம்மாவின் சமையலறையில் ஹில்லெவி கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. காபி ஆறிக்கொண்டிருந்தது.

"கய்சா போனை எடுக்கல" என்றாள் பிரிட்டா. "நாளைக்குப் பத்து மணிக்குப் போலீஸ் வரச் சொல்லியிருக்காங்களாம். மோன்ஸ் சொன்னான். வக்கீல் ஏற்பாடு பண்றானாம். ஏதாவது சாப்பிடும்மா."

"நீதானே சொன்ன அவகிட்ட."

பிரிட்டா அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பு.

"கேட்டேன். அவ சம்மதிச்சா."

"நீ கேட்டு அவ எப்போம்மா மறுத்திருக்கா?"

"நீ மட்டும் மறுத்தியா?" பிரிட்டா துணியை வீசினாள். "நான் தலையைத்தான் ஆட்டினேன். உன் வாயில வார்த்தையை நானா வெச்சேன்? என்னை மட்டும் குத்தம் சொல்லாத. ரெண்டு பேரையும் காப்பாத்த முடியாதுன்னு தெரிஞ்சா நான் என்ன செய்றது? ஒருத்தியையாவது..."

மேஜைமேல் ஹில்லெவியின் கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண். பத்திரிகைக்காரர்களாக இருக்கும் என்று விட்டுவிடப் போனவள், ஏனோ எடுத்தாள்.

"நான் எல்வீரா."

ஹில்லெவி எழுந்து நின்றுவிட்டாள்.

"டிவி பாத்தேன். ஒரு கண்ணாலயும் நல்லாத்தான் தெரியுது." பின்னால் ஏதோ வண்டி உருளும் சத்தம். மருத்துவமனை உணவு வண்டியாக இருக்கும். "காலையில என்கிட்ட வேற சொன்னீங்க."

"எல்வீரா, நான்..."

"அப்பா உங்க அக்காவைத் திட்டிக்கிட்டே இருக்கார். அந்தப் பொம்பளையைச் சும்மா விட மாட்டேன்னு, அவங்க வீடு எங்க இருக்குன்னு தேடுறார். நான் இன்னும் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல." மூச்சு வாங்கினாள். பதினேழு வயதுப் பெண் அழாமல் இருக்கப் பாடுபடும் மூச்சு. "நான் சொன்னா, கண்ணு போன கோபத்துல பழி வாங்குறா, பொய் சொல்றான்னு சொல்லுவாங்க. நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கே. சொல்றேன்னு இப்போ எனக்குச் சொல்லுங்க, நான் வெச்சிடறேன்."

"யாரு?" என்றாள் பிரிட்டா. மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்..." என்று தொடங்கினாள் ஹில்லெவி.

பிரிட்டா இரண்டே எட்டில் வந்தாள். எழுபத்திரண்டு வயதின் விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று ஹில்லெவி எதிர்பார்க்கவில்லை. கைபேசி அவள் கையிலிருந்து போனது. பிரிட்டா இணைப்பைத் துண்டித்து, கைபேசியைத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டாள்.

"தப்பான நம்பர்னு நெனச்சுக்க."



பைக்குள் கைபேசி மறுபடியும் அதிர்ந்தது.

"அதைக் குடும்மா" என்றாள் ஹில்லெவி.

பிரிட்டா பையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.